சீராடப் போன மண்

மேலக்கருவேலி அழகுதுரையின் ரெண்டேமுக்கால் ஏக்கர் கொல்லை, ஆவணி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, கோழி கூவி முடித்துப் பால்காரர் வருவதற்குள்ளாக, தன் மேல் நின்ற வேப்பமரத்தையும் அந்த மரத்தில் இருந்த காக்கைக் கூட்டையும் கூட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டது. போனது மண் மட்டும்தான். அடியில் இருந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல் அப்படியே கிடந்தது, மோட்டார் கொட்டகை நின்றது, போர்க்குழாய் நின்றது, சொட்டுநீர்க் குழாய்கள் உரித்துப் போட்ட பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தன, பூச்சி மருந்து டப்பாக்கள் கிடந்தன, முதல் நாள் சாயங்காலம் அழகுதுரை கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போன மக்காச்சோள விதைப் பைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவன் வாங்கிப் போட்டது எதையும் அது தொடவில்லை. அதைப் பார்த்ததுமே ஊர்ப் பெண்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆண்களுக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று.

அந்த மண் எங்கள் ஊர் மண் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அழகுதுரைக்குத் தையல்நாயகியைக் கட்டிக் கொடுத்தபோது அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன், மாப்பிள்ளைக்கு வண்டி வேண்டுமா சங்கிலி வேண்டுமா என்று கேட்கவே இல்லை. நேராக வந்து கொல்லையைப் பார்த்தார், குனிந்து ஒரு கல்லை எடுத்தார், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார், ஊருக்குத் திரும்பிப் போய், பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வடகரை ஏந்தல் ஏரியில் இருந்து நாற்பது டிப்பர் வண்டல் மண்ணைச் சீதனமாக அள்ளி அனுப்பிவைத்தார். கல்லுக்கு மேல் அதைப் பரப்பியபோது ஊரே நின்று பார்த்தது. கறுப்பாக, ஈரமாக, மீன் வாசனையோடு இருந்தது. அந்த வருஷம் முழுக்க ஏரி என்று நினைத்துக்கொண்டு கொக்குகள் வந்து நின்று ஏமாந்து போயின.

வந்த மண்ணில் முதல் வருஷம் பருத்தி. மறு வருஷம் உளுந்து. உளுந்து இலை தெரியாமல் காய்த்தது, ஆனால் அந்த வருஷம் எல்லா ஊரிலும் அப்படித்தான் காய்த்தது, மண்டிக்காரர் ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு நிறம் பத்தவில்லை என்றார், வேண்டுமானால் வைத்துவிட்டுப் போ என்றார், அழகுதுரை வைத்துவிட்டு வந்தான். வந்தவன் மக்காச்சோளம் போட்டான். மக்காச்சோளத்துக்கு லாரி கொல்லை வாசலுக்கே வருகிறது, யாரும் ஊதிப் பார்ப்பதில்லை, கோழி தின்னப் போகிற தீனிக்கு நிறம் எதற்கு. அதனால் மறு வருஷமும் மக்காச்சோளம், அதற்கு மறு வருஷமும் மக்காச்சோளம், மழை பெய்தாலும் மக்காச்சோளம், பெய்யாவிட்டாலும் மக்காச்சோளம், குருத்துக்குள் படைப்புழு உட்கார்ந்து தின்ற வருஷமும் மக்காச்சோளம், கதிர் முனையெல்லாம் பல் விழுந்த வாயாகப் பொக்கையாய் வந்த வருஷமும் மக்காச்சோளம் என்று ஒன்பது வருஷம் ஓடியது. ஒரு மூட்டை உர உப்பு போட்ட இடத்தில் இரண்டு மூட்டை, இரண்டு போட்ட இடத்தில் மூன்று. அழகுதுரையை மட்டும் குறை சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் விதைத்தது. வருஷா வருஷம் வேளாண் உதவி அலுவலரம்மா ஸ்கூட்டியில் வந்து மாத்துப் பயிர் போடுங்கள், உளுந்து போடுங்கள், கொள்ளு போடுங்கள், எள்ளு போடுங்கள் என்று சொல்லுவார், நாங்கள் தலையாட்டுவோம், அவர் போனதும் மக்காச்சோளம் விதைப்போம். அவர் சொன்னது சரி என்று எங்களுக்குத் தெரியும். போட்டால் கட்டாது என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்ததை இரண்டு பேரும் சொல்லாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

ஆக, மண் போய்விட்டது. வந்து பார்த்தவர்கள் ஒருத்தர்கூட மண் எப்படிப் போகும் என்று கேட்கவில்லை. "அதை என்னடா சொன்ன?" என்றுதான் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று அழகுதுரை ஒவ்வொருவரிடமும் சொன்னான். ஒன்றும் சொல்லாமல் எப்படிப் போகும் என்றார்கள். அடித்தாயா என்றார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகக் கட்டினவளையே அடிக்காதவன் மண்ணையா அடிப்பான் என்று அவனுக்காகச் சிலர் பேசினார்கள். விதைப் பைகளைப் பார்த்த அவனுடைய தாய்மாமன் மருதைமுத்து, முந்தின நாள் இதை அது முன்னாலேயா கொண்டுவந்து வைத்தாய் என்று கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டாம் என்பது ஒன்றுதான் எல்லோரும் அந்த மண்ணின் மேல் சொன்ன குற்றம்.

தையல்நாயகி வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தாள், குழாய்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நான் போவணும் போவணும்னு இருந்த ஊருக்கு, எனக்கு முன்னாடி இது போயிருச்சு" என்றாள். அப்புறம் ஆடு அவிழ்க்கப் போய்விட்டாள்.

எங்கே போயிற்று என்று தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் கொளஞ்சியப்பன் போன் செய்துவிட்டார். வடகரை ஏந்தல் ஏரிக்குள், பதினோரு வருஷத்துக்கு முன்னால் மண் எடுத்த அதே பள்ளத்தில், அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தி அது படுத்திருந்தது. வேப்பமரம் நடுவில் நின்றது, காக்கை கூட்டிலேயே இருந்தது. நாலுவழிச் சாலையை அது எப்படித் தாண்டியது என்பதற்குச் சுங்கச்சாவடியில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன் சாட்சி. விடியற்காலையில் கறுப்பாக ஒன்று ஜமுக்காளம் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கடைசிப் பாதையில் போனது என்றும், வண்டி இல்லை என்பதால் சீட்டுக் கிழிக்கவில்லை என்றும், போகிறபோது அது வழியில் இருந்த ஒரு நாயைக்கூட எழுப்பவில்லை என்றும் சொன்னான்.

வடகரை ஏந்தல்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பெண் திரும்பி வந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் ஏரிக்குள் இறங்கி வேப்பமரத்துக்கு மஞ்சள் வைத்தார்கள், சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், கேழ்வரகுக் கூழ் ஊற்றினார்கள். மண்ணை அள்ளிப் பார்த்த கிழவி ஒருத்தி, போனபோது எப்படி இருந்தது, இப்போது பிடித்தால் பிடி நிற்கவில்லையே, உப்பைக் கொட்டி உப்பைக் கொட்டிப் பெண்ணைச் சக்கையாக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று மேலக்கருவேலி இருக்கிற திசையைப் பார்த்து வைதாள். அந்த வசவு எங்களுக்கு அன்று மத்தியானமே வந்து சேர்ந்தது.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுத வந்தார். யார் நிலத்தில் என்ன பயிர் என்று வருஷா வருஷம் எழுத வேண்டியது அவர் வேலை. சர்வே எண் நூற்றுப் பதினைந்து என்பது இங்கே கிடக்கிற கல்லா, அங்கே போய்ப் படுத்திருக்கிற மண்ணா என்று அவர் ஊரைக் கேட்டார். ஊர் அவரையே கேட்டது. கல்தான் என்றால் அதில் பயிர் இல்லை, தரிசு என்று எழுத வேண்டும். மண்தான் என்றால் அது ஏரிக்குள் இருக்கிறது, ஆக்கிரமிப்பு என்று எழுத வேண்டும், அதுவும் அடுத்த ஊர் அலுவலர் எழுத வேண்டும். கணினியில் இருக்கிற கட்டத்தில் தரிசு, நஞ்சை, புஞ்சை என்று தேர்ந்தெடுக்க இடம் இருந்தது, தாய்வீடு என்று தேர்ந்தெடுக்க இடம் இல்லை. கடைசியில் அவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் 'உரிமையாளர் வெளியூர் சென்றுள்ளார்' என்று எழுதினார். உரிமையாளர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று அழகுதுரை தன்னைக் காட்டினான். இங்கே யாருக்கு யார் உரிமையாளர் என்று தெரியாமல்தானே தம்பி நான் நிற்கிறேன் என்று அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சிரித்தோம். ஆனால் சிரிக்கிற விஷயமாக அது இல்லை. புரட்டாசி பிறந்துவிட்டது. அழகுதுரைக்கு அந்த ரெண்டேமுக்கால் ஏக்கரைத் தவிர வேறு ஒரு சாண் கிடையாது. ஐப்பசியில் மழை பிடித்தால் வடகரை ஏந்தல் ஏரியில் தண்ணீர் ஏறும், ஏறினால் மண் கரைந்து ஏரியோடு ஏரியாகிவிடும், அதற்கு அப்புறம் அதைப் பிரித்தெடுக்க எந்தச் சல்லடையும் இல்லை. பெண்டாட்டி, நாலாம் வகுப்பு படிக்கிற மகள், ஏழு ஆடுகள், ஒரு போர்க்குழாய், காலுக்கடியில் வெள்ளைக் கல். அதுதான் மிஞ்சும்.

அதனால் ஊர் முறைப்படி அழைக்கப் போனார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன பெண்ணை எப்படி அழைப்பார்களோ அப்படி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ. முன்னால் மருதைமுத்து, பின்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அழகுதுரை, அதற்குப் பின்னால் சாட்சிக்கு நாலு பேர். கொளஞ்சியப்பன் வாங்க மாப்ள என்று வாயால் கூப்பிட்டார், முகத்தால் கூப்பிடவில்லை. சாப்பாடு போட்டார். ரசத்துக்கு வரும்போது, பெண்ணைக் கொடுத்தேன், அவளை இன்றுவரை வைத்திருக்கிறீர்கள், நல்லது, மண்ணைக் கொடுத்தேன், அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்றார். மருதைமுத்து மோர் கேட்டார்.

ஏரிக்குள் இறங்கிப் பார்த்தபோது எல்லோரும் நின்றுவிட்டார்கள். யாரும் விதைக்காத உளுந்து, வரிசை இல்லாமல், இடைவெளி இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு, ஓரத்தில் ஒரு முழம் விட்டு மண் முழுக்க எழுந்து நின்றது. தேமல் இல்லை, புழு இல்லை. இலை ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

தாம்பாளத்தை வேப்பமரத்தடியில் வைத்தார்கள். மருதைமுத்து முறைப்படி பேசினார்: நடந்தது நடந்துவிட்டது, சின்னவன், தெரியாமல் செய்துவிட்டான், இனிமேல் அப்படி நடக்காது. மண் அசையவில்லை. நீயும் சொல்லு என்று அழகுதுரையை முன்னால் தள்ளினார். அழகுதுரை மெதுவாகப் பேசுகிறவன், ஆட்டைக்கூட அதட்டத் தெரியாது. இனிமேல் அப்படி நடக்காது என்று அவனும் சொன்னான். சொன்னவன் நிறுத்தியிருக்கலாம், ஆனால் காலடியில் உளுந்துச் செடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு ஒன்பது வருஷமாக உள்ளே கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நான் மட்டும் வேணும்னா போட்டேன்? எனக்கு மட்டும் ஆசையா? உளுந்து போடு, எள்ளு போடு, கொள்ளு போடு. சொல்றவங்க எல்லாம் சொல்லிட்டுப் போயிடுறாங்க. வெளஞ்சத எடுத்துக்கிட்டுப் போனா ஊதிப் பாத்துட்டு வச்சுட்டுப் போங்கறான். உனக்கு ஒரு வருசம் ஓய்வு குடுத்தா அந்த வருசம் நான் எதத் திங்கறது? உன்னயவா?"

ஏரி முழுக்கக் கேட்டது. காக்கை மட்டும் கூட்டில் இருந்து இறங்கி வந்து தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தைக் கொத்திக்கொண்டு போனது. அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளலாமா என்று மருதைமுத்து கேட்டார், சாட்சிக்கு வந்தவர்கள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கரையேறினார்கள்.

அடுத்த வாரம் அழகுதுரை ஜேசிபியோடு போனான். கொளஞ்சியப்பன் கரையில் குந்திக்கொண்டு பார்த்தார், தடுக்கவில்லை. ஓரத்தில் செடியில்லாத இடமாக அள்ளி டிப்பரில் போட்டார்கள், தார்ப்பாய் கட்டினார்கள். பதினாலு கிலோமீட்டர் வந்து மேலக்கருவேலியில் டிப்பரைத் தூக்கியபோது தார்ப்பாய் விழுந்தது, அதற்குப் பின்னால் ஒன்றும் விழவில்லை. இரண்டாவது நடைக்கும் அப்படியே. மூன்றாவது நடைக்கு ஓட்டுநர் வர மறுத்துவிட்டார், மண் ஏற்றுகிறேன் என்று சொல்லி வெறும் வண்டி ஓட்டினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அவருக்கு வருத்தம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழகுதுரை சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தான். மருதைமுத்துவும் கூட வந்திருந்தார். வெற்றிலை வைத்தாயிற்று, மன்னிப்புக் கேட்டாயிற்று, அள்ளியும் பார்த்தாயிற்று, கோபம் தணியவில்லையே, இன்னும் என்னதான் அது எதிர்பார்க்கிறது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் புலம்பினார்கள். தையல்நாயகி இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"அது கோவிச்சுக்கிட்டுப் போனதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

மருதைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் விடவில்லை.

"கோவிச்சுக்கிட்டுப் போற பொண்ணு அழுதுகிட்டுப் போவும், கதவச் சாத்திட்டுப் போவும், நாலு பேருக்குத் தெரியற மாதிரி போவும், பெரியப்பா. அப்பத்தான் கூப்புட வருவாங்க. இது நாயக்கூட எழுப்பாமப் போயிருக்கு. இது சீராடப் போயிருக்கு."

எங்கள் பக்கத்தில் அந்த இரண்டும் வேறு வேறு. கோபித்துக்கொண்டு போகிறவளைப் போய் அழைக்க வேண்டும்; அழைக்காவிட்டால் அவமானம். சீராடப் போகிறவளை அழைக்கவே கூடாது. அவள் அம்மா வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, பிடித்ததைத் தின்று, உடம்பு தேறி, போதும் என்று அவளுக்கே தோன்றும்போது வருவாள், அதுவரை புருஷன் வீடு பொறுத்திருக்க வேண்டும். பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த வித்தியாசத்தை ஆண்கள் தாம்பாளம் தூக்கிக்கொண்டு போய்க் குழப்பியிருந்தார்கள். இது எப்படி உனக்குத் தெரியும் என்று மருதைமுத்து கேட்டார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சீராடப் போனதில்லை, போகாதவளுக்குத்தான் அது நன்றாகத் தெரியும் என்றாள் தையல்நாயகி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனாள், போன அன்றே கடைசிப் பேருந்தில் திரும்பினாள். ஆடு இருந்தது, கதிர் ஒடிப்பு இருந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

தானே போட்டுக்கொண்ட உளுந்து காயும்வரை அது வராதென்றால், காய்வதற்கு முன்னால் ஏரி நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று அழகுதுரை கேட்டான். அதுவரை என்ன தின்பது என்றும் கேட்டான். இரண்டாவது கேள்விக்கு அவள் கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"இது என்ன? கடையில வாங்குன பாக்கெட்டு உளுந்து. இந்த ஊருல எந்த வீட்டுல போய்ப் பாத்தாலும் இதுதான் இருக்கு. தெனம் இட்லி சுடுற ஊருல நின்னுக்கிட்டு உளுந்து வாங்க ஆளு இல்ல, வாங்க ஆளு இல்லங்கறீங்க."

அந்தப் பையை மருதைமுத்து கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடித்து, மடியில் செருகிக்கொண்டார்.

ஊர் கூடியதற்கு அந்தப் பை காரணமா என்றால், பாதி காரணம். மீதிக் காரணம் பயம். புரட்டாசி மூன்றாவது வாரம் எல்லோர் கொல்லையிலும் மண் வரப்பை விட்டு ஒரு சாண் விலகி நின்றது. வெயிலில் வெடிக்கிற வெடிப்பு இல்லை அது; புறப்படுவதற்கு முன் புடவையை இழுத்துச் செருகிக்கொள்கிற மாதிரி நாலு பக்கமும் ஒரே சீராக விலகியிருந்தது. களத்தில் கூடினோம். சண்டை போட்டோம். கொல்லைக்கு லீவு விடுகிற ஊர் உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று ஒருவர் கேட்டார். என் மண் சொந்த ஊர் மண், அதற்கு ஏது தாய்வீடு, அது எங்கே போகும் என்று இன்னொருவர் கேட்டார். அது எங்கே போகும் என்று தெரியாததுதான் இன்னும் மோசம் என்று அவருடைய மனைவியே சொன்னாள். எவன் கொல்லையோ சீராடப் போவதற்கு நான் எதற்கு மூட்டை தூக்க வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். மருதைமுத்து மடியில் இருந்து அந்தப் பையை எடுத்தார்.

"ஒங்க வீட்டுக் காதுகுத்துக்கு நான் மொய் வச்சேன். என் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க வச்சீங்க. யாரும் குடுத்துக் கெட்டுப்போவல. கொல்லைக்கு ஒரு மொய் வச்சா என்ன கொறஞ்சுபோவும்?"

இப்படித்தான் அது முடிவாயிற்று, முடிவாவதற்கு மூன்று நாள் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலில் ஒரு கொல்லை ஒவ்வொரு வருஷமும் மக்காச்சோளத்தில் இருந்து விலகிச் சீராடும். உளுந்தோ எள்ளோ கொள்ளோ அதன் இஷ்டம். மீதி மூன்று கொல்லைக்காரர்களும் அந்த வீட்டுக்கு மக்காச்சோளமாகவே மொய் வைப்பார்கள். சீராடுகிற கொல்லையில் விளைந்த உளுந்துதான் அந்த வருஷம் ஊர் இட்லிக்கு; கடைப் பாக்கெட்டு வாங்கினால் வாங்குகிற வீட்டுக்காரர் களத்தில் நின்று அதை ஊதிப் பார்த்து, நிறம் பத்தவில்லை என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். அடுத்த முறை யாருக்கு என்று சீட்டுப் போட்டபோது, முதல் ஆளாக வரக்கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொண்டு, வந்தவனைப் பார்த்து எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். சீட்டுப் போட்ட மறுநாள் மண் வரப்போடு வந்து ஒட்டிக்கொண்டது. அழகுதுரை வீட்டுக்கு மட்டும் சீட்டு இல்லை, அவனுடையதுதான் ஏற்கெனவே போய்விட்டதே.

ஐப்பசி இரண்டாவது வாரம் மழை பிடித்தது. எங்கள் ஊரில் அந்த மழைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அழகுதுரை ஒருத்தன் கல் மேல் நின்று வானத்தை வைதான். வடகரை ஏந்தலில் ஏரி கால்வாசி ஏறியது. உளுந்து காய்க்க ஆரம்பித்து, காய் பச்சையாக நின்றது. மதகைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டால் மண் பிழைக்கும், விட்டால் அந்த ஊருக்குத் தை மாசம் நெல்லுக்குத் தண்ணீர் குறையும். கொளஞ்சியப்பன் ஊர்க்காரர்களை ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். எங்கள் பெண்தானே, ஒரு வாரம் திறந்து வை என்றார்கள். ஒரு வாரம் முடிந்ததும் இன்னும் காயவில்லையா என்றார்கள். பத்தாவது நாள், பெண் நம் பெண்தான், ஆனால் வயிறு நம் வயிறு என்று சொல்லி மதகை அடைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

அன்றைக்குத் தையல்நாயகி ஒரு பையில் நாலு புடவையை மடித்து வைத்தாள், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், உளுந்து பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலைப் பேருந்தில் ஏறினாள். பிடுங்குவதற்கு நாலு புடவை எதற்கு என்று அழகுதுரைக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவன் நினைப்பெல்லாம் தண்ணீரில் இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தைச் சுற்றிலும் தண்ணீர் கரை கட்டி நின்றது, மண் தீவாக இருந்தது. முதலில் கறுத்தது வேப்பமரத்தடிக் காய்கள். கறுத்தது கறுத்ததாகப் பிடுங்கினாள். ஊர்ப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட இறங்கினார்கள், கணுக்கால் தண்ணீரில் பிடுங்கினார்கள், முழங்கால் தண்ணீரில் பிடுங்கினார்கள், பிடுங்கிய செடிகளைப் பரிசல் மாதிரி கட்டில்களைக் கவிழ்த்து அதில் போட்டு இழுத்துக்கொண்டு கரையேற்றினார்கள். பச்சையாக இருக்கிற இடத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடலாம், மண் பிழைக்கட்டும் என்று கொளஞ்சியப்பன் கரையில் இருந்து கத்தினார். தையல்நாயகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியபோது கடைசி மூலையும் கறுத்தது. அவள் கடைசிச் செடியைப் பிடுங்கினாள், வேரில் இருந்த மண்ணை உதறி அந்த மண்ணிலேயே போட்டாள், போதுமா என்று கேட்டாள்.

மண் எழுந்தது. தண்ணீரில் இருந்து எருமை எழுந்து வருகிற மாதிரி, சொட்டச் சொட்ட, அவசரமில்லாமல் எழுந்தது. கரையேறி நின்று ஒரு உதறு உதறியது, நின்றவர்கள் மேலெல்லாம் சேறு தெறித்தது, வேப்பமரத்தில் காக்கை இறக்கையை விரித்துச் சமாளித்தது. அப்புறம் நாலுவழிச் சாலைப் பக்கம் திரும்பி, வந்த வழியே நடந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு மேலக்கருவேலிக்கு வந்து சேர்ந்தது. ஊரே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கல்லின் மேல் ஒரு தடவை சுற்றி வந்து, ஒருக்களித்து, புரண்டு, படுத்தது. கறுப்பாக இருந்தது. மீன் வாசனை அடித்தது. அழகுதுரை ஒரு பிடி அள்ளினான், பிடி பிடியாகவே நின்றது. சொட்டுநீர்க் குழாய்களையும் மருந்து டப்பாக்களையும் விதைப் பைகளையும் அது வருவதற்கு முன்பே அவன் வீட்டுக் கூரைக்கடியில் தூக்கிப் போட்டிருந்தான். எங்கிருந்தோ நாலு கொக்குகள் வந்து நின்றன. அவன் மண்ணில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே பெண்டாட்டிக்குப் போன் செய்தான்.

"வந்துருச்சு தையலு. நீ எந்தப் பஸ்ஸுக்கு வர்ற?"

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டது. யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"நான் இப்பத்தாங்க வந்திருக்கேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் அழகுதுரை மகளுக்குத் தலை பின்னினான், அது பின்னலாக இல்லை. இட்லி ஊற்றினான், அது இட்லியாக இல்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். மருதைமுத்து கண்ணாடிக் கிளாஸை உருட்டிக்கொண்டே அவனைப் பார்த்தார். மண் வந்துவிட்டது, பெண்டாட்டி போய்விட்டாள், உன் வீட்டில் எப்போதும் ஒன்று குறைந்துகொண்டே இருக்கிறதே, கோபித்துக்கொண்டாளா, தாம்பாளம் எடுக்கட்டுமா என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"தாம்பாளமெல்லாம் வேணாம் மாமா. சீராடப் போயிருக்கா."

"எப்ப வருவா? மண்ணுக்கு அறுவத்தஞ்சு நாள் ஆச்சு."

அழகுதுரை டீயை ஊதினான். ஊதி, கொஞ்ச நேரம் அதன் நிறத்தைப் பார்த்தான்.

"பதினோரு வருசம் ஒரே வெள்ளாம, மாமா" என்றான். "நாளாகும்."